அடியில் மறைந்த ஈரம்

தருமபுரி மாவட்டத்துப் பாப்பிரெட்டிப்பட்டி வட்டம் கரும்பு விளையும் பூமி. கோபாலபுரத்தில் சுப்பிரமணிய சிவா கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கிறது. கொப்பரையில் வெல்லம் காய்ச்சுவோரும் அப்பகுதியில் உளர். சாற்றைக் காய்ச்சி எடுத்த தூய வெல்லம் பழுப்பு நிறமுடையது. வெல்லத் தொழிலில் சிலர், பளிச்சென்ற வெளிர்மஞ்சள் நிறம் வேண்டி ‘ஹைட்ரோஸ்’ என்னும் வெளுப்பு மருந்தைச் சேர்க்கின்றனர், சீனியையும் கலக்கின்றனர். வாங்குவோரோ அம்மஞ்சளையே உயர்ந்த சரக்கென்று எண்ணி விரும்பி வாங்குகின்றனர்!

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஒருமுறை தானியக் குவியலொன்றினுள் கையை நுழைத்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்ததென்றார் வணிகர். மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கலாகாதா என்று வினவினார்கள் பெருமானார். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள நிகழ்ச்சி இது.

அடியில் கிடக்கும் ஈரத்தை மேலே கொண்டுவரும் கருவி இன்று வீட்டுக்கு வீடு கைபேசியாக இருக்கிறது. நூறு கிராம் கேழ்வரகில் முந்நூறு மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு என்பதை உறவினர் குழுவில் ஒருவர் எழுதினால், பத்து வீட்டு அடுப்படிகளுக்கு அச்செய்தி போய்ச் சேரும்.

ஆயின் அக்கருவி செய்த கேடும் சிறிதன்று. மத்தியப் பிரதேசம் ராய்சேனில் முதிய முஸ்லிம் பழ வணிகர் ஒருவர் விரலை நாவில் தொட்டுப் பழம் அடுக்கிய காட்சி, 2020 ஏப்ரலில் கொரோனா பரப்பும் சதியென்று நாடெங்கும் சுற்றியது. அது பிப்ரவரியிலேயே எடுக்கப்பட்ட படம்! அந்நாட்களில் பல ஊர்களில் முஸ்லிம் காய்கறி வணிகர்கள் தெருவுக்குள் நுழையவிடாமல் விரட்டப்பட்டனர். அவ்வேதனையை அறிந்த நாம், ‘பிளாஸ்டிக் அரிசி’ வதந்தியை 2017-இல் கைமாற்றியது எங்ஙனம் தகும்? வந்த செய்தியைத் தீர விசாரிக்குமாறு திருமறையின் 49-ஆம் அத்தியாயம், 6-ஆம் வசனம் கட்டளையிடுகிறது. அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிடக் கூடாதென்று காரணமும் கூறுகிறது.

கடைச்சரக்கில் ஐயம் எழுந்தால் குழுக்களுக்கு அனுப்புவதற்கு முன், தமிழக உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணுக்குப் படத்துடன் கடை, ஊர், வாங்கிய நாள் ஆகியவற்றை எழுதி அனுப்பலாம். 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதிகாரி மாதிரி எடுத்து நான்கு பகுதிகளாக்கி முத்திரையிடுவார். தம்மிடம் வந்த மாதிரிக்குப் பகுப்பாய்வாளர் 14 நாட்களில் அறிக்கை தரவேண்டும். அந்த அறிக்கை வரும்வரை கடைக்காரர் பெயரைத் தெருவில் போடாதிருப்பது அவருக்கு நாம் செய்யும் நீதி.