ஈரக் கண்ணாடிக்கு ஏற்ற விளக்கு

தைப்பிங்கில் பிற்பகலானால் மழை இறங்கிவிடும். வீட்டுக்குள் விளக்குப் போட்டாக வேண்டும். அந்த வெளிச்சத்தில், பழங்காலக் கண்ணாடித் தகட்டில் நிழற்படம் பிடிக்க முடியுமா?

1851இல் பிரெடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் வெளியிட்ட முறை அது. கண்ணாடியில் கொலோடியன் பசையைப் பூசி, வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் தோய்த்து, ஈரம் காயுமுன் படமெடுத்துக் கழுவிவிட வேண்டும். 1860களில் ஜான் தாம்சன் பினாங்கில் படமெடுத்தபோது, உதவிக்கு இரண்டு ஆட்களைப் பழக்கினார். 1875இல் வெளிவந்த தம் நூலில் அவர்களை ‘மதராஸ்காரர்கள்’ என்றே குறிப்பிடுகிறார். இந்தக் கையலுவலில் நம் பக்கத்தாரும் இருந்திருக்கிறார்கள்!

விளக்குக்கு வருவோம். அந்தத் தகட்டுக்கு நீலமும் ஊதாவும்தான் படும். மஞ்சளும் சிவப்பும் ஏறக்குறைய இருட்டு. நம் லயத்து மண்ணெண்ணெய் விளக்கும் குண்டு பல்பும் கண்ணுக்கு வெளிச்சம், தகட்டுக்கு அல்ல. பாரிஸில் நடார் 1861 வாக்கில் மின்கல விளக்கைக் கொண்டு நிலத்தடி எலும்புக் கிடங்கைப் படம்பிடித்தார். ஒரு படத்துக்கு 18 நிமிடம்வரை ஆனதாம். அவ்வளவு நேரம் அசையாமல் நிற்பது யார்? பொம்மையை நிறுத்தினார்.

நாம் செய்வதானால், வெள்ளைச் சாயம் பூசிய பலகையில் நீலவெண்மைக் குழல் விளக்குகள் ஏழெட்டை நெருக்கிப் பொருத்தி, முகத்தருகே வைக்கலாம். தூரம் குறையக் குறைய வெளிச்சம் வேகமாகக் கூடும். அப்படியும் சில விநாடி அசையக்கூடாது. தலைக்குப் பின்னால் ஒரு முட்டு வேண்டும்.

கொலோடியனில் ஈதர் உண்டு. அதன் ஆவி சட்டென்று தீப்பற்றும். பக்கத்தில் அடுப்போ சுருட்டோ ஆகாது. வெள்ளி நைட்ரேட்டு கண்ணில் தெறித்தால் பார்வை போகலாம். பிள்ளைகளை எட்டவே நிறுத்துங்கள். மின்கம்பி இணைப்பைத் தொழில் தெரிந்தவரே செய்யட்டும்.