தலைகீழாகத் தொங்கியபடி இரும்பைத் துளைக்கும் எந்திரம்... தெரியுமா?

பல்லி உத்தரத்தில் தலைகீழாக ஓடுவதைப் பார்த்து வாய்பிளந்தவர்கள்தானே நாம்? பதினைந்து கிலோ எடையுள்ள ஓர் எந்திரம் இரும்பு உத்தரத்தில் அதேபோல ஒட்டிக்கொண்டு, விரல் தடிமன் எஃகுத் தகட்டில் வட்டமாகத் துளை போடுகிறது என்றால்? அதுதான் மேக்னெட் டிரில்! ஃபேப்ரிகேஷன் பட்டறை, பாலம் கட்டும் இடம், கப்பல் தளம் என்று, தூக்கிவர முடியாத இரும்பு எங்கே இருக்கிறதோ அங்கே இந்த எந்திரமே கிளம்பிப் போகும். போல்ட் போட்டு இறுக்க வேண்டாம், வைஸில் கவ்வ வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத ஒரு பிடி போதும். அந்தப் பிடி எப்போது இறுகும், எப்போது ஏமாற்றும்? வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்!

1. இதன் கொள்ளுத்தாத்தா 200 கிராம்தான், தெரியுமா?

செருப்புத் தைக்கக் கற்று, பிறகு ராணுவத்தில் சேர்ந்த ஆங்கிலேயர் வில்லியம் ஸ்டர்ஜன். 1825-இல் இவர் குதிரை லாட வடிவில் வளைத்த ஒரு சிறு இரும்பில் செம்புக் கம்பியைச் சுற்றி, பேட்டரியை இணைத்துக் காட்டினார். 200 கிராம் இரும்பு 4 கிலோவைத் தூக்கியது! அடுத்த ஆறே ஆண்டுகளில், 1831-இல், அமெரிக்காவின் ஜோசப் ஹென்றி யேல் கல்லூரிக்காகச் செய்த மின்காந்தம் 900 கிலோவுக்கு மேல் தூக்கியது. இன்று மேக்னெட் டிரில்லின் அடியில் பதுங்கியிருப்பது அந்த வம்சத்தின் பேரன்தான்.

2. வீட்டுக் கரன்ட் அப்படியே போனால் காந்தம் நடுங்கும், தெரியுமா?

நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் மாறுமின்னோட்டம். அதாவது, வினாடிக்கு 100 முறை பூஜ்ஜியத்தைத் தொட்டுத் திரும்பும். அதை அப்படியே காந்தச் சுருளுக்குக் கொடுத்தால், பிடியும் வினாடிக்கு 100 முறை தளர்ந்து இறுகும்! அதனால்தான் எந்திரத்துக்குள்ளேயே ஒரு ரெக்டிஃபையர் உட்கார்ந்து, கரன்டை ஒரே திசையில் ஓடவிடுகிறது. அது பழுதானால் காந்தமும் சோர்ந்துபோகும்.

3. ஒரு கோட் பெயின்ட் போதும், பிடி ஆட்டம் காண!

காந்தப் புலம் இரும்பு வழியே ஓடுவது, காற்று வழியே ஓடுவதைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் எளிது. தடித்த பெயின்ட், துருச் செதில், எண்ணெய்ப் பிசுக்கு, ஒரே ஒரு இரும்புத் துருவல்... இவற்றில் எது நடுவில் புகுந்தாலும் காந்தத்துக்கும் தகட்டுக்கும் இடையே இடைவெளி விழுந்துவிடும். வெறும் கண்ணுக்குத் தெரியாத இடைவெளிகூட இழுவிசையைச் சரித்துவிடும். எந்திரத்தை வைக்குமுன் தகட்டையும் காந்தத்தின் அடிப்பாகத்தையும் துடைக்கிற அந்த அரை நிமிடம்தான் இந்தப் பிடிக்கு முதல் பாதுகாப்பு.

4. தகடு மெலிந்தால் காந்தமும் மெலியும், தெரியுமா?

பெட்டியில் எழுதியிருக்கும் இழுவிசை பெரும்பாலும் 25 மி.மீ. தகட்டில் அளந்தது! தகடு 6 மி.மீ. என்றால், காந்தப் புலம் ஓட அதில் இடம் போதாது. குறுகிய வாய்க்காலில் ஏரித் தண்ணீர் பாயுமா? பட்டறைக்காரர்கள் இதற்கு வைத்திருக்கும் வைத்தியம் எளிது. மெல்லிய தகட்டுக்குக் கீழே இன்னொரு கனமான இரும்புத் தகட்டைக் காந்தம் உட்காரும் இடத்தில் சேர்த்து இறுக்கிவிடுவார்கள். பிடி திரும்பிவிடும்!

5. உங்கள் சமையலறையிலேயே சோதித்துப் பார்க்கலாம்!

ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கும் காந்தத்தை எடுத்து எவர்சில்வர் டம்ளரில் வையுங்கள். பல டம்ளர்களில் ஒட்டாது! இண்டக்‌ஷன் அடுப்புக்கான பாத்திரத்தின் அடியில் மட்டும் சட்டென்று ஒட்டும். இரண்டும் பளபளக்கும் எஃகுதான், உள்ளே இருக்கும் படிக அமைப்புதான் வேறு. 304, 316 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும், அலுமினியத்திலும், செம்பிலும் மேக்னெட் டிரில் நிற்காது. அங்கே வெற்றிடத்தால் உறிஞ்சிப் பிடிக்கும் தட்டையோ, இறுக்கிக் கட்டிய இரும்புத் தகட்டையோ அடியில் கொடுக்க வேண்டும்.

6. நீள வயர் பிடியைத் திருடும், தெரியுமா?

மின்காந்தத்தின் இழுவிசை ஏறக்குறைய மின்னோட்டத்தின் இருமடிக்கேற்ப மாறும். மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரை நீளமாக இழுத்துப்போட்டு வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால், பிடி குறைவது 10 அல்ல, கிட்டத்தட்ட 19 சதவீதம்! எனவே தடித்த வயர், முடிந்தவரை குட்டையாக. எர்த் உள்ள பிளக், 30 மில்லி ஆம்பியரில் டிரிப் ஆகும் பாதுகாப்பு சுவிட்ச், இரண்டும் கட்டாயம்.

7. டிரில் பிட்டின் நட்டநடுவில் வேகம் பூஜ்ஜியம்!

சுற்றும் ராட்டினத்தின் அச்சில் நிற்பவர் எங்கும் போவதில்லை. டிரில் பிட்டின் மையமும் அப்படித்தான். அங்கே வெட்டே கிடையாது, இரும்பை முட்டி நசுக்கத்தான் முடியும். இந்த வீண் வேலையே வேண்டாமென்று நடுவைக் காலியாக விட்ட குழாய் வடிவக் கட்டரைப் பரவச் செய்தவர் அமெரிக்காவின் டக்ளஸ் ஹோகன். ஓரத்தை மட்டும் வட்டமாக வெட்டிக்கொண்டு, நடுவை முழு வில்லையாக எடுத்துவிடும்! கணக்குப் பாருங்கள். 50 மி.மீ. துளையில் கட்டரின் சுவர் 4 மி.மீ. என்றால், துருவலாவது வெறும் 30 சதவீத இரும்புதான். மீதி 70 சதவீதம் வில்லையாகக் கையில் வந்துவிடுகிறது. அதனால்தான் இவ்வளவு சின்ன எந்திரம் இவ்வளவு பெரிய துளை போடுகிறது!

8. ஒரு சின்னக் குச்சி, மூன்று வேலை!

கட்டரின் நடுவில் நிற்கும் பைலட் பின், முதலில் துளையின் மையத்தைக் காட்டும். கட்டர் இறங்க இறங்க அது மேலே ஏறி, கூலன்ட் (குளிர்விக்கும் திரவம்) பாயும் வழியைத் திறந்துவிடும். வெட்டி முடிந்ததும் ஸ்பிரிங் அதை உதைத்து, உள்ளே சிக்கிய வில்லையை வெளியே தள்ளும்! இரண்டு தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் துளைப்பது மட்டும் இதற்கு ஆகாது. மேல்தகட்டின் வில்லை தனியாகக் கழன்று உள்ளேயே சுழன்றால் கட்டர் பல் உடையும்.

9. பெரிய கட்டர், மெல்லச் சுற்ற வேண்டும்!

எம்20 போல்ட்டுக்கு 22 மி.மீ. துளை. சாதாரண இரும்பில், ஹைஸ்பீடு ஸ்டீல் கட்டரின் விளிம்பு நிமிடத்துக்கு 30 மீட்டர் ஓடலாம் என்று வைத்துக்கொண்டால், சுற்று வேகம் சுமார் 430 ஆர்.பி.எம். அதே கணக்கில் 50 மி.மீ. கட்டருக்கு 190 மட்டுமே! முதல் வட்டக்கோடு விழும்வரை மெல்லத் தொடுங்கள், பிறகு சீராக அழுத்துங்கள். சாதாரண பிட் போல அடிக்கடி மேலே தூக்கி இறக்கினால் துருவல் பல்லுக்கு அடியில் போய்ச் சிக்கும்.

10. அந்த வில்லை ஒரு தோட்டா, தெரியுமா?

20 மி.மீ. தகட்டில் 50 மி.மீ. துளை போட்டால் வெளியே வருவது கால் கிலோவை நெருங்கும் எஃகு வில்லை. கொதிக்கும் சூடு, கத்தி போன்ற விளிம்பு! 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் ஒன்றரை வினாடிக்குள் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் தரையைத் தொடும். உயரத்தில் வேலை என்றால், கீழே கயிறு கட்டி ஆள் நடமாட்டத்தை நிறுத்தாமல் மோட்டாரைத் தொடவே கூடாது.

11. தலைக்கு மேலே கூலன்ட் எதிரி!

நேராக நின்று துளைக்கையில் மேலிருந்து கீழே வழியும் கூலன்ட், எந்திரம் தலைகீழானதும் எங்கே வழியும்? நேராக மோட்டாருக்குள்! அதனால் சுவரிலும் உத்தரத்திலும் கூலன்ட் டப்பாவைக் கழற்றி வைத்துவிட்டு, கட்டரில் பசை போன்ற வெட்டு மெழுகைத் தடவிக்கொள்வார்கள்.

12. கையுறை காப்பாற்றாது, இழுத்துவிடும்!

வில்லையையும் கட்டரையும் எடுக்கக் கையுறை வேண்டும். கட்டர் சுழலும்போது கூடாது. ஒரு நூல் மாட்டினால் விரலும் கூடவே போகும். சுருள் சுருளாக வரும் துருவலை எந்திரத்தை நிறுத்திவிட்டுக் கொக்கியால் எடுக்க வேண்டும். கண்ணாடி எப்போதும் கண்ணில். பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் பக்கத்திலேயே வரக்கூடாது. இன்னொன்று: அதே இரும்புச் சட்டகத்தில் வெல்டிங் நடந்தால், அந்தக் கரன்ட் டிரில்லின் எர்த் வழியாகத் திரும்பி எந்திரத்தையே எரித்துவிடலாம்!

13. ஐந்து நிமிடப் பராமரிப்பு, ஆண்டுக்கணக்கில் ஆயுள்!

வேலை முடிந்ததும் அணைத்த காந்தத்திலும் கொஞ்சம் ஈர்ப்பு மிச்சமிருக்கும். ஒட்டிய தூளைத் துடைத்தெடுங்கள். அடிப்பாகத்தில் பிசிறு இருந்தால் எண்ணெய்க் கல்லால் தேய்த்துச் சமமாக்குங்கள். மேலும் கீழும் ஓடும் பாகத்தைக் கையால் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பக்கவாட்டு ஸ்க்ரூவைச் சமமாக இறுக்குங்கள், இல்லையேல் முதலில் உடைவது கட்டர்தான். மோட்டார் கார்பன்கள் தேய்ந்தால் ஜோடியாக மாற்றுங்கள். கட்டரை மாற்றும்போது பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், சுவிட்சை நம்பாதீர்கள்!

14. கடைசியாக... கரன்ட் போனால்?

இதுதான் எல்லாவற்றிலும் பெரிய கேள்வி! ஸ்டர்ஜன் காலத்திலிருந்து மின்காந்தத்தின் குணம் ஒன்றுதான்: கரன்ட் நின்ற நொடியில் பிடி விட்டுவிடும். மின்வெட்டானாலும், யாரோ வயரில் தடுக்கினாலும், ஃபியூஸ் போனாலும், உத்தரத்தில் இருந்த பதினைந்து கிலோ பல்லி பொத்தென்று விழும். மின்சாரமே இல்லாமல் நிலைகாந்தத்தால் பிடிக்கும் ரகங்கள் வந்துவிட்டன. காந்தம் போடாமல் மோட்டார் ஓடாதபடி பூட்டும் சுற்றுகளும் இருக்கின்றன. ஆனால் விழுகிற எந்திரத்தை நிறுத்த இவற்றில் எந்தச் சுற்றாலும் முடியாது. அதைச் செய்வது, எந்திரத்தோடு பெட்டியில் வந்து, பலர் மூலையில் வீசிவிடும் ஒரு சாதாரண இரும்புச் சங்கிலி. எந்திரத்தின் கைப்பிடி வழியே கொடுத்து, உத்தரத்தைச் சுற்றி, தொய்வில்லாமல் இழுத்து மாட்டிய பிறகுதான் மோட்டாரைப் போட வேண்டும்.

இருநூறு ஆண்டு அறிவியலுக்குக் காவல் நிற்பது எது தெரியுமா? கரன்டே தேவைப்படாத அந்தச் சங்கிலிதான்!