சேற்றில் புதைந்த ஜீப்பும் சுழல மறுத்த வின்ச்சும்

மேற்குப் பக்கத்து மலைகளில் மே மாதம் பிடிக்கும் மழை செப்டெம்பர் வரை விடாது. ஊவாப் பக்கத்தில் ஐப்பசி, கார்த்திகை வந்தால்தான் தொல்லை. எந்தப் பக்கமானாலும் தோட்டத்துப் பாதை சேறாகிவிட்டால் வண்டி புதைவது நிச்சயம். நோயாளியை ஏற்றிவரும் ஜீப் நடுவழியில் புதைந்தால் என்ன பாடு என்பதை லயத்தில் இருக்கிறவர்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

இதற்காகத்தான் சில ஜீப்புகளின் முன்பக்கத்தில் மின்சார வின்ச் பூட்டியிருக்கிறார்கள். ஒரு மோட்டார், அதன் வேகத்தைக் குறைத்துப் பலத்தைக் கூட்டும் பல்சக்கரங்கள், கம்பி வடம் சுற்றிய ஓர் உருளை, அவ்வளவுதான். வடத்தின் கொக்கியை மரத்தில் மாட்டி, கையிலுள்ள சுவிட்சை அழுத்தினால் வண்டி தன்னைத்தானே இழுத்துக்கொண்டு மேலே வரும்.

வரவேண்டும். எங்கள் வண்டி ஒரு மழை இரவில் வரவில்லை. பிரசவ வலியில் துடித்த ஒரு பிள்ளையை ஏற்றிக்கொண்டு வந்தபோது, வளைவில் இரண்டு சில்லும் இறங்கிவிட்டன. சுவிட்சை அழுத்தினால் "டிக், டிக்" என்று சத்தம் மட்டும் கேட்டது. உருளை அசையவில்லை. கடைசியில் அந்தப் பிள்ளையை நாற்காலியில் உட்காரவைத்து, கம்பளி போர்த்தி, நாலு பேர் மெயின் ரோட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். தாயும் சேயும் நலம். ஆனால் எங்களுக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை.

மறுநாள் பார்த்தவர்கள் எல்லாம், "மோட்டார் போச்சுங்க, புதுசு போடணும்" என்றார்கள். மோட்டார் போகவில்லை. பெட்டரியிலிருந்து வரும் எர்த் வயர் பூட்டிய ஆணிக்கு அடியில் துரு ஏறியிருந்தது. வெளியே பார்த்தால் ஒன்றுமே தெரியாது.

இதைக் கொஞ்சம் விளங்கிக்கொள்ள வேண்டும். ஹெட்லைட் பல்பு ஒன்றுக்கு 4 அல்லது 5 அம்பியர் மின்சாரம் போதும். வின்ச் முழுப் பாரம் இழுக்கும்போது 400 அம்பியர் வரை கேட்கும். அத்தனை மின்சாரம் ஓடும் வழியில் சிறு துரு இருந்தாலும் அது அங்கேயே தடைப்பட்டுச் சூடாகிவிடும், மோட்டாருக்குப் போய்ச் சேராது. லைட் எரியுது, ஹோர்ன் அடிக்குது, அப்போ பெட்டரியும் வயரும் நல்லாத்தானே இருக்கு என்று எண்ணுவது இதனால்தான் தப்பு.

ஆகவே "டிக்" சத்தம் வந்தும் சுழலாவிட்டால் முதலில் பெட்டரியைப் பாருங்கள். ஓய்வாக இருக்கும்போது 12.6 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது. 12.2 அளவில் நின்றால் பாதிதான். அடுத்து, தடித்த ஜம்ப் வயர் ஒன்றை பெட்டரியின் மைனஸிலிருந்து வின்ச் மோட்டாரின் எர்த் ஆணிக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். அப்போது சுழன்றால் குற்றம் எர்த் வயரில். பெட்டரி வயரைக் கழற்றிவிட்டு, முனைகளை எமரித் தாளால் பளபளவென்று தேய்த்து, இறுக்கிப் பூட்டி, மேலே வாஸ்லின் தடவினால் வேலை முடிந்தது. அதற்கும் சரிவராவிட்டால் சொலினொய்டுக்குள் இருக்கும் செம்புத் தொடுமுனைகள் கருகியிருக்கலாம்; அதை மாற்றத்தான் வேண்டும். ஸ்குரூ டிரைவரை வைத்து இரண்டு ஆணியையும் இணைத்துப் பார்க்கும் பழக்கம் நம் டிரைவர்மாரிடம் உண்டு. அதை விட்டுவிடுங்கள். தீப்பொறி கண்ணைத் தாக்கும், உருளையும் திடீரென்று சுற்றிக் கையை இழுத்துவிடும்.

"டிக்" சத்தமே இல்லையென்றால் கையில் பிடிக்கும் சுவிட்ச், அதன் வயர், பிளக் ஆகியவற்றில் ஈரம் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். மோட்டார் சுற்றி உருளை சுற்றாவிட்டால் பெரும்பாலும் கிளட்ச் பிடி விடுபட்டு நிற்கும். இதற்குப் போய் கராஜில் பணம் கொடுத்தவர்களும் இருக்கிறார்கள்!

இனி கம்பி வடம். மோட்டார் கெட்டால் வண்டி நிற்கும், வடம் அறுந்தால் ஆள் போய்விடும். இழுபட்டு நிற்கும் கம்பி அறுந்தால் சவுக்கைப்போல் திரும்பி வீசும். வண்டி புதைந்தால் வேடிக்கை பார்க்க லயத்துப் பிள்ளைகள் எல்லாம் ஓடி வருவார்கள், அதுதான் எங்கள் பயம். வடத்தின் நீளத்தைவிட அதிக தூரத்துக்கு அவர்களை அனுப்பிவிட்டுத்தான் சுவிட்சைத் தொடவேண்டும். வடத்தை யாரும் தாண்டக் கூடாது. நடுவில் நனைந்த சாக்கையோ பழைய கம்பளியையோ போட்டுவிட்டால், அறுந்தாலும் வீச்சு அடங்கும்.

இழைகள் அறுந்து முள்ளுமுள்ளாக நிற்கும் வடம், மடங்கி முறுக்குண்ட வடம், இரண்டும் பழைய இரும்புக்குத்தான். முடிச்சுப் போட்டு ஓட்டாதீர்கள். கையுறை இல்லாமல் வடத்தைத் தொடவும் வேண்டாம். உருளையில் எப்போதும் குறைந்தது 5 சுற்று மிச்சம் இருக்கவேண்டும், ஏனென்றால் பாரத்தைத் தாங்குவது அந்தச் சுற்றுகளின் பிடிதான், முனையில் இருக்கும் சின்ன ஆணி அல்ல. இப்போது செயற்கை நாரில் செய்த கயிறும் வருகிறது. எடை குறைவு, அறுந்தாலும் கம்பியளவு வீசாது. ஆனால் மணலும் கல்விளிம்பும் அதைச் சீக்கிரம் தின்றுவிடும்.

கொக்கியை மாட்ட அகலமான நாடாப் பட்டியை நல்ல வேருள்ள நிழல் மரத்தின் அடியில் சுற்றுங்கள். தேயிலைச் செடியை நம்ப வேண்டாம். எஞ்சினை ஓடவிட்டு ஒரு நிமிடம் இழுத்தால் மோட்டார் ஆறும்வரை நிறுத்தவும். பாரம் அதிகமானால் இடையில் ஒரு கப்பி போடலாம். வேகம் பாதியாகும், இழுவை ஏறக்குறைய இரட்டிப்பாகும்.

எங்கள் வண்டியில் இப்போது மாதம் ஒருமுறை, வெயில் காலத்திலும், வடத்தை முழுநீளம் இழுத்துத் துடைத்து, லேசாக எண்ணெய் பூசி, சிறு மேட்டில் வண்டியை இழுக்கவைத்தே திரும்பச் சுற்றுகிறோம். தளர்வாகச் சுற்றினால் அடுத்த முறை பாரம் வரும்போது மேல்சுற்று கீழ்ச்சுற்றுக்குள் புகுந்து சிக்கிவிடும். இத்தனைக்கும் அரை மணித்தியாலம் ஆகிறது. அந்த இரவுக்குப் பிறகு ரிப்பேருக்கு நாங்கள் செலவழித்தது ஒரு எமரித் தாளும் கொஞ்சம் வாஸ்லினும்தான்.