வட்டமாக வராத டார்ட்டியா

மெக்சிகோவின் வடக்கே உள்ள சொனோரா, சப்பாத்தி போன்ற கோதுமை டார்ட்டியாவுக்குப் பேர்போன மாநிலம். கோதுமையை அங்கே கொண்டுவந்தவர்கள் ஸ்பானியர்கள். அதற்கு முன் எல்லாம் மக்காச்சோளம்தான்.

மைதா, பன்றிக்கொழுப்பு, உப்பு, வெந்நீர். நாலே பொருள்தானே என்று இறங்கும் புதியவர், பிசைந்த கையோடு கட்டையை எடுத்துவிடுவார். தேய்க்கத் தேய்க்க மாவு சுருங்கும். வட்டத்துக்குப் பதில் ஆஸ்திரேலியா வரைபடம் வரும்! பாவம், கையைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. பிசையும்போது உருவாகும் குளூட்டன் இழைகள்தான் மாவைப் பின்னுக்கு இழுக்கின்றன. அரை மணி நேரம் மூடி வைத்தால் அவை தளர்ந்து, மாவு சொன்னபடி கேட்கும்.

அடுத்த சோதனை கல்லில். சூடு போதாவிட்டால் டார்ட்டியா வெகுநேரம் கிடந்து காய்ந்து விறைத்துவிடும்.

சொனோராவில் கைதேர்ந்தவர்கள் கட்டையே தொடாமல், மாவைக் கையாலேயே இழுத்து, முழங்கை தாண்டும் அகலத்துக்கு விரிக்கிறார்கள். 'சோபாகெரா' என்று அந்த டார்ட்டியாவுக்குப் பெயர். புதியவர்கள் இப்போதைக்கு அதை வேடிக்கை மட்டும் பார்க்கலாம்.