செல்ஃபி போட்டால் தன்மோகியா?

ஃபேஸ்புக்கிலோ இன்ஸ்டாகிராமிலோ ஒருவர் அடிக்கடி தன் படத்தைப் போட்டால் ‘நார்சிசிஸ்ட்’ என்று முத்திரை குத்திவிடுகிறோம். நார்சிசிசம் எனப்படும் தன்மோகம் பற்றி உளவியலாளர்கள் திரட்டியிருக்கும் சான்றுகள் இந்த முத்திரைக்கு இடம் தரவில்லை. டிமோ க்னாம்ப்ஸ், மார்கஸ் அப்பெல் என்ற இரு ஆய்வாளர்கள் 57 ஆய்வுகளைத் தொகுத்து, 25,000க்கும் மேற்பட்டவர்களின் தரவை அலசி 2018இல் வெளியிட்டார்கள். தன்னைப் பெரிதாக நினைத்துக்கொள்ளும் பகட்டுத் தன்மோகத்துக்கும் சமூக ஊடகப் பயன்பாட்டுக்கும் தொடர்பு இருக்கத்தான் செய்தது. தொடர்பே இல்லையென்றால் 0, முழுத் தொடர்பென்றால் 1 என்ற அளவுகோலில் அதன் அளவு 0.17. இதை 17 சதவீதம் என்று படிக்கக் கூடாது. ஆளுக்கு ஆள் காணப்படும் வேறுபாட்டில் இது எவ்வளவை விளக்குகிறது என்று அறிய, அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்க வேண்டும், கிடைப்பது 0.03க்கும் சற்றுக் குறைவு. ஒருவர் ஓயாமல் பதிவிடுகிறார், இன்னொருவர் எட்டிப் பார்ப்பதோடு சரி என்றால், அந்த வித்தியாசத்தில் நூற்றுக்கு மூன்று பங்குதான் தன்மோகத்தோடு சேர்கிறது. உள்ளுக்குள் பாராட்டுக்கு ஏங்கி, சின்ன விமர்சனத்துக்கும் சுருண்டுபோகிற இன்னொரு வகைத் தன்மோகத்தில் தொடர்பே தென்படவில்லை. இந்தியா, மலேசியா போல மேல் கீழ் அடுக்குகள் அழுத்தமாக உள்ள நாடுகளில் தொடர்பு கொஞ்சம் கூடுதல். நேரில் தலைநிமிர வழியில்லாத இடத்தில் சிலர் திரையில் அதைத் தேடுகிறார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

சமூக ஊடகம்தான் ஒரு தலைமுறையையே தன்மோகிகளாக்கிவிட்டது என்பார்கள். ஜீன் ட்வெங்கியும் கீத் கேம்பெல்லும் 2009இல் எழுதிய ‘தி நார்சிசிசம் எபிடெமிக்’ அமெரிக்க மாணவர்களிடம் தன்மோகம் ஏறிவருவதாக எச்சரித்தது உண்மை. ஆனால் அவர்கள் காட்டிய ஏற்றம் 1980களிலிருந்து கணக்கிடப்பட்டது. ஃபேஸ்புக் பிறந்ததே 2004இல்தான். யூனிகே வெட்செல் குழுவினர் 1990கள் தொடங்கி 2010கள் வரையிலான மாணவர்களை ஒப்பிட்டு 2017இல் வெளியிட்ட ஆய்விலோ, தன்மோக மதிப்பெண் சற்றே இறங்கியிருந்தது. இன்னொரு மறுப்பைத்தான் எளிதில் தள்ள முடியாது. ஒரே ஆட்களைச் சிறிது கால இடைவெளியில் இருமுறை ஆராய்ந்த டேனியல் ஹால்பெர்ன் குழுவினர், செல்ஃபிப் பழக்கமும் தன்மோகமும் ஒன்றையொன்று வளர்ப்பதாக 2016இல் எழுதினார்கள். ஏற்கெனவே புகழுக்கு அலைபவருக்கு லைக் எண்ணிக்கை தீனி போடும் என்பதை நான் மறுக்கவில்லை. அதை வைத்து, படம் போடும் எல்லோரையும் அந்தக் கணக்கில் எழுதுவதைத்தான் மறுக்கிறேன்.

மதுரை தியாகராசர் மேலாண்மைப் பள்ளியின் ஜனார்த்தனன் பாலகிருஷ்ணன், இங்கிலாந்தின் மார்க் கிரிஃபித்ஸுடன் சேர்ந்து இந்திய மாணவர்களிடம் செல்ஃபி மோகத்தை ஆராய்ந்தார். கிடைத்த ஆறு தூண்டுதல்களில் பிறர் கவனத்தை ஈர்ப்பது ஒன்றே ஒன்று. மனச்சோர்வைப் போக்கிக்கொள்வது, தன்னம்பிக்கை தேடுவது, நண்பர் கூட்டத்தோடு ஒட்டி நிற்பது ஆகியவையும் அதே பட்டியலில் உண்டு. இதே கிரிஃபித்ஸ் பங்கேற்று, 23,000க்கும் அதிகமான நார்வே மக்களிடம் நடந்த ஆய்வு இன்னும் தெளிவானது: சமூக ஊடகத்துக்கு அடிமையாகும் போக்கு தன்மோகம் மிகுந்தவர்களிடம் இருந்ததைப் போலவே, சுயமதிப்பு குறைந்தவர்களிடமும் இருந்தது. தன்னை ஒரு பொருட்டாகவே நினைக்காமல் நான்கு லைக்குகளில் ஆறுதல் தேடும் பெண்ணைத் தன்மோகி என்று ஏசுவது, இருக்கிற காயத்தைக் கிளறும் வேலை.

தன்மோக ஆளுமைக் கோளாறு என்பது மனநல மருத்துவர் நேரில் பேசி, நீண்டகால நடத்தையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டியது. அமெரிக்க மனநலக் கையேடு அதற்கு ஒன்பது அடையாளங்களைத் தந்து, அவற்றில் குறைந்தது ஐந்து இருக்க வேண்டும் என்கிறது. செல்ஃபி எண்ணிக்கை அவற்றில் இல்லை. வீட்டுப் பிள்ளை போனும் கையுமாகவே இருந்தால், பட்டம் சூட்டாதீர்கள். தூக்கம் கெடுகிறதா, யாரோடு பேசுகிறாள், எதற்காக வருந்துகிறாள் என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.