டெட்டனஸ்: பெயரும் நோயும்

காலில் ஆணி குத்தினால் ‘டெட்டனஸ் ஊசி போட்டாயிற்றா?’ என்பதே வீட்டில் எழும் முதல் கேள்வி. அந்தச் சொல்லின் வரலாற்றை அறிந்தால் நோயின் தன்மையும் விளங்கும்.

சொல்லின் வேர்

ஆங்கிலம் இச்சொல்லை இலத்தீன் மொழியின் ‘டெட்டனுஸ்’ என்பதிலிருந்து பெற்றது. இலத்தீனுக்கு அது கிரேக்கத்தின் ‘டெட்டனோஸ்’ வழியாக வந்தது. தசை இறுகி விறைத்தல் என்பது பொருள். ‘இழுத்து நீட்டுதல்’ எனப் பொருள்படும் கிரேக்க வினையே அதன் அடி. அதற்கும் முந்தைய வேராக மொழியியலாளர் காட்டுவது இந்தோ-ஐரோப்பிய மூலமொழியின் ‘தென்’ என்பதாகும். தசைநாணைக் குறிக்கும் ‘டெண்டன்’, இழுவிசையைக் குறிக்கும் ‘டென்ஷன்’ ஆகிய ஆங்கிலச் சொற்களும், நூலைக் குறிக்கும் ‘தந்து’ என்ற சமஸ்கிருதச் சொல்லும் இவ்வேரிலிருந்து பிறந்தவை. தமிழில் வழங்கும் ‘தந்தி’யும் சமஸ்கிருத வழியில் இவ்வேரைச் சேர்ந்ததே.

இரு பெயர்கள்

தாடை பூட்டிக்கொள்ளுதல், கழுத்து விறைத்தல், உடல் வில்போல் வளைதல் ஆகிய அறிகுறிகளைப் பண்டைய கிரேக்க மருத்துவ நூல்கள் விவரிக்கின்றன. கண்ணுக்குத் தெரிந்த விறைப்பே அங்கு நோயின் பெயராயிற்று. தமிழ்ப் பெயரான ‘இரண ஜன்னி’யோ நோய் நுழையும் வழியைச் சுட்டுகிறது: இரணம் என்றால் புண். மண்ணிலும் சாணத்திலும் உள்ள பாக்டீரியா வித்துகள் காயத்தின் வழியே உடலுக்குள் புகுகின்றன. அங்கு வளரும் பாக்டீரியா உண்டாக்கும் நச்சு, தசைகளைத் தளரச் செய்யும் நரம்புச் செய்திகளைத் தடுக்கிறது. அதனால் தசைகள் இறுகுகின்றன. இப்பாக்டீரியாவை 1889-இல் ஜப்பானிய அறிஞர் கிட்டசாட்டோ தனியே வளர்த்துக் காட்டினார்.

நீங்கள் செய்ய வேண்டியவை

• துரு இந்நோயை உண்டாக்குவதில்லை. துருப்பிடிக்காத முள், கண்ணாடி ஆகியவற்றால் ஏற்படும் காயமும் ஆபத்தானதே.
• காயத்தை உடனே சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கழுவுங்கள். சாணம், மண், சாம்பல் எதையும் பூசாதீர்கள்.
• கடைசியாகத் தடுப்பூசி போட்ட ஆண்டை மருத்துவரிடம் தெரிவியுங்கள்.
• குழந்தைகளுக்கு அட்டவணைப்படியும், கர்ப்பிணிகளுக்கு மருத்துவர் கூறும் காலத்திலும் தடுப்பூசி தவறக் கூடாது. அரசு மருத்துவமனைகளில் இது இலவசம்.
• ஒருமுறை இந்நோய் வந்து குணமானவருக்கும் தடுப்பூசி தேவை.

காயத்திற்குப் பின் அறிகுறிகள் பெரும்பாலும் 3 முதல் 21 நாள்களுக்குள் தோன்றும். வாயைத் திறக்கக் கடினமாக இருந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். ஆனால் விறைப்பு தோன்றும்வரை காத்திருக்க வேண்டாம். காயம் பட்ட அன்றே மருத்துவரை அணுகுங்கள்.