கிளட்சும் பிளைவீலும்

கிணற்று மேட்டில் நீர் இறைக்கும் பழைய ஒற்றைச் சிலிண்டர் ஆயில் எஞ்சினைப் பார்த்தவர்கள், அதன் இருபுறமும் சுழலும் பெரிய இரும்புச் சக்கரங்களையும் பார்த்திருப்பார்கள். எஞ்சினோ சிறியது, சக்கரங்களோ அதற்குப் பொருந்தாத அளவு பெரியவை. இதற்குக் காரணம் உண்டு. உறிஞ்சுதல், அமுக்குதல், எரிதல், வெளியேற்றுதல் என்னும் நான்கு வீச்சுகளுள் எரிதல் ஒன்றுதான் வேலை செய்கிறது. மற்ற மூன்றும் வேலையை வாங்கிக்கொள்கின்றன. இரண்டு சுற்றுக்கு ஒருமுறை கிடைக்கும் அந்த ஒரே உதையைச் சேமித்து வைத்துக்கொண்டு, மற்ற மூன்று வீச்சுகளிலும் எஞ்சினை நிற்காமல் உருட்டிச் செல்வது அந்தக் கனத்த சக்கரமே. பட்டறைக்காரர்கள் இதனைப் பிளைவீல் என்பார்கள். நாமும் அப்பெயரையே கொள்வோம்.

நான்கு சிலிண்டர் உடைய மோட்டார் காரில் ஒரு சுற்றுக்கு இரண்டு உதைகள் கிடைக்கின்றன. ஆகையால் சிறிய பிளைவீலே போதுமானது. ஆனால் காரில் அதற்கு வேறு இரண்டு கடமைகளும் உண்டு. அதன் விளிம்பிலுள்ள பற்களில் ஸ்டார்ட்டரின் சிறு பற்சக்கரம் கவ்வி எஞ்சினைக் கிளப்புகிறது. அதன் முகத்திலோ கிளட்ச் அமர்ந்திருக்கிறது.

கிளட்சை விளங்கிக்கொள்ள இரண்டு உள்ளங்கைகளும் ஓர் அட்டையும் போதும். ஒரு கை பிளைவீல். மற்றொரு கை பிரஷர் பிளேட் என்னும் அழுத்துத் தட்டு. இடையிலுள்ள அட்டை கிளட்ச் பிளேட். கைகளை அழுத்திப் பிடித்தால் அட்டையும் கைகளோடு சேர்ந்து திரும்பும். தளர்த்தினால் கைகள் மட்டும் திரும்பும், அட்டை நின்றுவிடும். காரில் அழுத்தத்தைத் தருவது எஃகு வில். பெடலை மிதிக்கும் கால் அவ்வில்லை எதிர்த்து அழுத்தத்தை நீக்குகிறது. கிளட்ச் பிளேட்டோடு கியர் பெட்டியின் தண்டு இணைந்திருப்பதால், பிடிப்பு இருக்கும்போது எஞ்சினின் சக்தி சக்கரங்களுக்குச் செல்கிறது. பிடிப்பு நீங்கினால் நின்றுவிடுகிறது.

இந்த இரு பாகங்களையும் மாற்றி, மேலும் வலிய கிளட்சையும் மேலும் இலேசான பிளைவீலையும் பொருத்துவது இன்று கார்ப் பிரியர்களிடையே ஒரு வழக்கமாகிவிட்டது. விலை கொடுத்து வாங்கிய பொருள் என்பதாலேயே அது மேம்பாடு என்று கொள்ளலாகாது. எதைப் பெறுகிறோம், எதை விட்டுக்கொடுக்கிறோம் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்க, உலகம் நன்கறிந்த ஒரு காரையே எடுத்துக்கொள்வோம். அது ஜெர்மனியின் வோக்ஸ்வாகன் பீட்டில். 2003-இல் மெக்சிகோவின் புவெப்லா நகரில் கடைசி வண்டி வெளிவரும் வரை இரண்டு கோடிக்கு மேற்பட்ட வண்டிகள் உற்பத்தியாயின. இன்றும் பல நாடுகளில் அன்பர்கள் அவற்றைப் பேணி ஓட்டிவருகிறார்கள்.

1960-களின் முற்பாதியில் வந்த பீட்டிலில் 1200 சி.சி. எஞ்சின் இருந்தது. அதன் திறன் 34 குதிரைத்திறன். கிளட்ச் பிளேட்டின் குறுக்களவு 180 மில்லிமீட்டர். மின்கலம் 6 வோல்ட். பின்னர் வந்த 1600 சி.சி. எஞ்சினோ 50 குதிரைத்திறன் உடையது. பழைய வண்டியில் இப்பெரிய எஞ்சினை வைக்க விரும்புவோர் பலர். அப்போது பழைய கிளட்ச் தாங்குமா என்பதே முதற் கேள்வி.

விடை ஓர் எளிய பெருக்கலில் அடங்கியுள்ளது. கிளட்ச் தாங்கும் திருப்புத்திறன் என்பது, உராயும் முகங்களின் எண்ணிக்கை, உராய்வுக் குணகம், வில்லின் அழுத்தம், பிளேட்டின் சராசரி ஆரம் ஆகிய நான்கின் பெருக்கற்பலன். முகங்கள் இரண்டு, குணகம் 0.3, அழுத்தம் 4000 நியூட்டன், ஆரம் 8 சென்டிமீட்டர் என்று கொண்டால் 192 நியூட்டன் மீட்டர் வருகிறது. எஞ்சினின் உச்சத் திருப்புத்திறன் 120 என்றால் நிம்மதியாக இருக்கலாம். 190 என்றால் கிளட்ச் வழுக்கத் தொடங்கும். ஏனெனில் பிளேட் சூடானால் குணகம் குறையும். தேய்ந்தால் வில்லின் அழுத்தமும் மாறும். கையிருப்பு வேண்டும்.

ஆகவே கிளட்சை வலுப்படுத்த நான்கு வழிகளே உண்டு; ஐந்தாவது இல்லை. பெரிய பிளேட், வலிய வில், வேறு உராய்வுப் பொருள், மேலும் ஒரு பிளேட். இவற்றுள் வோக்ஸ்வாகன் பொறியாளர்கள் தேர்ந்தது முதல் வழி. அமெரிக்காவுக்கு அனுப்பிய 1967-ஆம் ஆண்டு மாதிரி 1500 சி.சி. வண்டிகளில் 12 வோல்ட் மின்னமைப்போடு 200 மில்லிமீட்டர் கிளட்ச் வந்தது. 180-இலிருந்து 200-க்கு மாறினால் ஆரம் ஒன்பதில் ஒரு பங்கு கூடுகிறது. பரப்போ ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு கூடுகிறது. வெப்பம் பரவ அதிக இடம் கிடைக்கிறது. ஓட்டுபவரின் காலுக்கு இதனால் பெரிய துன்பம் இல்லை. நான்கு வழிகளுள் இதுவே நேர்மையான வழி என்பது என் கருத்து.

ஆனால் அதற்கும் இடம் வேண்டும். 6 வோல்ட் பிளைவீலின் விளிம்பில் 109 பற்கள். 12 வோல்ட் பிளைவீலில் 130. பிந்தியது குறுக்களவில் பெரியது. ஆகையால் பழைய கியர் பெட்டியின் மணி வடிவக் கூட்டினுள் உட்சுவரைச் சிறிது அராவினாலன்றி அது சுழலாது. ஸ்டார்ட்டரும் அதன் புஷ்ஷும் மாற வேண்டும். இவ்வாறு ஒரு பாகத்தைத் தொட்டால் அதன் உறவினர் அனைவரையும் அழைக்க நேர்கிறது.

இரண்டாம் வழியாகிய வலிய வில் மலிவானது. ஆதலால் பலரும் நாடுவது. அதன் விலையைக் கால் செலுத்துகிறது. நகர நெரிசலில் ஒரு மணி நேரத்தில் நூறு முறை மிதிக்கும் பெடல் இரட்டிப்புக் கனமானால் என்னாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கண்ணுக்குத் தெரியாத இழப்பும் ஒன்று உண்டு. பெடலை மிதிக்கும்போது அவ்விசை எஞ்சினின் கிராங்க் தண்டை அச்சுவாக்கில் தள்ளுகிறது. அதைத் தாங்கும் பேரிங் ஒன்று எஞ்சினுள் இருக்கிறது. வலிய வில் அப்பேரிங்கைத் தேய்க்கும். அதை மாற்ற எஞ்சினையே பிரிக்க வேண்டும்.

மூன்றாம் வழி உராய்வுப் பொருளை மாற்றுவது. சாதாரண பிளேட்டில் நாரும் பிசினும் கலந்த பொருள் இருக்கும். பந்தய வண்டிகளில் பொடி உலோகத்தைச் சுட்டுச் செய்த துண்டுகளும், செராமிக் எனப்படும் துண்டுகளும் ஒட்டப்பட்டிருக்கும். இவை கடும் வெப்பத்தையும் தாங்கும், விடாது பிடிக்கும். ஆனால் மெல்லப் பிடிக்கத் தெரியாதவை. இலேசாக வழுக்கிக்கொண்டே பிடிப்பதால்தான் கார் அதிராமல் கிளம்புகிறது. செராமிக் பிளேட்டுக்கு ‘பிடி’, ‘விடு’ என்ற இரண்டு சொற்களே தெரியும். பிளைவீலின் முகத்தையும் அது விரைவில் தின்றுவிடும். நான்காம் வழியான இரட்டைப் பிளேட் பெருந்திறன் வண்டிகளுக்கு உரியது. அதை இங்கே விரிக்கவில்லை.

இனிப் பிளைவீல். வானொலியில் கரும்பலகை இல்லை. ஆகையால் கணக்கை மனத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். பீட்டிலின் பிளைவீல் ஏறக்குறைய 8 கிலோகிராம் எடையும் 14 சென்டிமீட்டர் ஆரமும் உடையது. ஒரே தடிப்புள்ள தட்டு என்று கொண்டால் அதன் சடத்துவத் திருப்புத்திறன், எடையை ஆரத்தின் வர்க்கத்தால் பெருக்கியதில் பாதி, அஃதாவது 0.0784. நிமிடத்துக்கு 3000 சுற்றில் அதில் சேர்ந்திருக்கும் ஆற்றல் சுமார் 3870 ஜூல். இது 800 கிலோ எடையுள்ள காரையே அரை மீட்டர் உயரத் தூக்கப் போதுமானது! எஞ்சின் சும்மா ஓடும் 850 சுற்றில் பாருங்கள். ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே 310 ஜூலாகச் சுருங்குகிறது. அது அதே காரை 4 சென்டிமீட்டர்தான் தூக்கும். மேட்டில் நிறுத்திய வண்டியை ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் கிளப்பினால் எஞ்சின் ஏன் ‘டக்’ என்று நின்றுவிடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டியதில்லை.

இப்போது பிளைவீலைக் கடைந்து 3 கிலோ குறைக்கிறோம் என்க. என்ன இலாபம்? காரை முடுக்கும்போது எஞ்சின் பிளைவீலையும் முடுக்க வேண்டியுள்ளது. அந்தச் சுமை, கியர் விகிதத்தின் வர்க்கத்தைப் பொறுத்துக் காரின் எடையோடு சேர்கிறது. 1967 மாதிரி 1500 பீட்டிலின் முதற் கியர் விகிதம் 3.80, இறுதி விகிதம் 4.125. இரண்டையும் பெருக்கி, டயரின் ஆரத்தையும் 31 அல்லது 32 சென்டிமீட்டர் என்று கொண்டு கணக்கிட்டால், முதற் கியரில் அந்த 3 கிலோ 73 கிலோவுக்குச் சமமாகிறது. வண்டியிலிருந்து ஓர் ஆளை இறக்கிவிட்டதற்கு ஒப்பு. ஆனால் 0.89 விகிதமுள்ள நான்காம் கியரில் அதே 3 கிலோ வெறும் 4 கிலோவுக்குத்தான் சமம். ஒரு சிறு பையை இறக்கியதற்குமேல் ஒன்றுமில்லை.

இலேசான பிளைவீல் வண்டியின் திறனைக் கூட்டுகிறது என்று விளம்பரங்கள் சொல்லும்போது இக்கணக்கை நினைவுகூருங்கள். எஞ்சினின் திறன் ஓர் இம்மியும் கூடுவதில்லை. தாழ்ந்த கியர்களில் முடுக்கம் விரைவாகிறது. கியர் மாற்றும்போது எஞ்சின் வேகம் சட்டென்று ஏறி இறங்குகிறது. பந்தயக்காரருக்கு அது பெரிய இலாபம். சமவெளி நெடுஞ்சாலையில் நான்காம் கியரில் செல்பவருக்கு இலாபமே இல்லை. நட்டமோ இருவருக்கும் பொது. கிளம்பும்போது உதவும் அந்த 4 சென்டிமீட்டர் இப்போது இரண்டரையாகிவிட்டது. சும்மா ஓடும்போது எஞ்சின் நடுங்கும்.

கோயம்புத்தூரில் பட்டறை வைத்திருக்கும் என் பழைய மாணவர் ஒருவர் இதைக் கண்ணாரக் கண்டவர். ஓர் இளைஞர் தம் பழைய பீட்டிலில் இலேசான பிளைவீலும் செராமிக் பிளேட்டும் பொருத்திக்கொண்டு குன்னூர் மலைச் சாலையில் ஏறினாராம். கொண்டையூசி வளைவுகளில் பேருந்துகளின் பின்னே நின்று நின்று கிளம்ப வேண்டியிருந்தது. கிளம்பும்தோறும் எஞ்சின் நின்றது. வண்டி ஒரு சாண், இரண்டு சாண் என்று பின்னோக்கி உருண்டது. பின்னால் வந்த லாரி ஓட்டுநர் இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைத்ததால் விபரீதம் ஒன்றும் நேரவில்லை. “கிளட்ச் கெட்டுவிட்டது, அண்ணா” என்று அவர் பட்டறைக்கு வந்தபோது, அதில் கெட்டது ஒன்றுமில்லை; பாகங்கள் யாவும் புத்தம் புதியவை. சமவெளிப் பந்தயத் தளத்துக்கு உரியவை மலையேறிவிட்டன, அவ்வளவே.

எடையை எங்கே குறைக்கிறோம் என்பதும் முக்கியம். விளிம்பில், 14 சென்டிமீட்டர் ஆரத்தில், எடுக்கும் ஒரு கிலோ, மையத்தருகே 5 சென்டிமீட்டரில் எடுக்கும் ஒரு கிலோவைப்போல் ஏறக்குறைய எட்டு மடங்கு பயன் தரும். இதை அறிந்த சிலர் வார்ப்பிரும்புப் பிளைவீலின் விளிம்பையே மெலியக் கடைந்துவிடுகிறார்கள். இது உயிரோடு விளையாடுவது. வார்ப்பிரும்பு அமுக்கத்தைத் தாங்கும்; இழுவையைத் தாங்காது. சுழலும் விளிம்பில் தோன்றுவது இழுவையே. அதுவும் வேகத்தின் வர்க்கத்தில் பெருகும். வெடித்துச் சிதறும் பிளைவீலின் துண்டுகள் மெல்லிய தகட்டைத் துளைத்து உள்ளே வந்துவிடும். இதனாலேயே அமெரிக்கப் பந்தயங்களில் எஃகிலோ அலுமினியத்திலோ செய்து சோதித்து முத்திரையிட்ட பிளைவீல்களைக் கேட்கிறார்கள். கடைந்த பின் சமன் பார்ப்பதும் இன்றியமையாதது. விளிம்பின் ஒரு பக்கத்தில் 10 கிராம் மிகுந்திருந்தால், 6000 சுற்றில் அது 56 கிலோ எடைக்குச் சமமான விசையோடு தண்டை உலுக்கும்.

இக்காலத்து வண்டிகள் பலவற்றில், குறிப்பாக டீசல் கார்களில், இரண்டு துண்டாகச் செய்து நடுவே வில்களை வைத்த பிளைவீல் உண்டு. ஜெர்மனியின் லுக் நிறுவனம் 1985-இல் இதைப் பெருமளவில் செய்யத் தொடங்கியது. எஞ்சினின் உதறல் கியர் பெட்டியை எட்டாமல் அவ்வில்கள் விழுங்கிவிடுகின்றன. தேய்ந்தால் விலை மிகுதி என்பதற்காக அதை எடுத்துவிட்டு ஒரே துண்டான பிளைவீலைப் பொருத்துவோர் உண்டு. பொருத்தலாம், ஆனால் கியர் பெட்டி கலகலவென்று ஒலிக்கத் தொடங்கும்.

மாற்றும் முன் ஒரு சோதனை. சமவெளியில் உயர்ந்த கியரில் சென்று ஆக்ஸிலரேட்டரை முழுதும் மிதியுங்கள். எஞ்சின் இரைச்சல் ஏறியும் வண்டியின் வேகம் ஏறவில்லையானால் கிளட்ச் வழுக்குகிறது. அப்போதும் வலிய கிளட்ச் வாங்க ஓடாதீர்கள். கிராங்க் தண்டின் பின்புற எண்ணெய் அடைப்பு கசிந்து, எண்ணெய் பிளேட்டில் படிந்திருக்கலாம். கசிவை அடைக்காமல் எந்தக் கிளட்சை வைத்தாலும் அது நனைந்த அட்டைதான்.

பீட்டிலில் பிளைவீலைத் தாங்குவது நடுவிலுள்ள ஒரே பெரிய நட்டும் நான்கு சிறு முளைகளுமே. அந்நட்டை ஒரு மீட்டர் நீளக் கோலின் நுனியில் 30 கிலோவுக்குக் குறையாத பாரம் வைத்தாற்போல் முறுக்க வேண்டும். புதிய பிளைவீல் வைத்தால் தண்டின் முன்பின் அசைவை மூன்று மெல்லிய வளையங்களால் மீண்டும் சரிசெய்ய வேண்டும், அது 0.07 முதல் 0.13 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். பழைய கிளட்ச் பிளேட்டில் கல்நார் இருந்திருக்கலாம், நுரையீரலுக்குக் கேடு. அத்தூசியைக் காற்றால் ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். பெடலின் வெற்று அசைவு 10 முதல் 20 மில்லிமீட்டர். பிளேட்டும் பிளைவீலும் ஒன்றோடொன்று படியும் வரை, முதல் 500 கிலோமீட்டருக்கு மெதுவாகவே கிளப்பி ஓட்டி, பிறகு அந்த அசைவை மறுபடி அளந்து பாருங்கள்.